கோபத்தின் மேல் நின்ற கார்

மதுரையின் கார் மெக்கானிக்குகள் ஒற்றுமையாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். நல்லகாமனின் வண்டியை எவனும் தொடக் கூடாது. சங்கம் கூட்டித் தீர்மானமெல்லாம் போடவில்லை. அடி வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு நலம் விசாரித்துக்கொண்டதில் தானாக அமைந்த முடிவு. பழங்காநத்தத்தில் ஒருவர், கிளட்ச் பிளேட் வர இன்னும் ஒரு நாள் ஆகும் என்று சொன்னதற்கு முன்பல்லைக் கொடுத்திருந்தார். வில்லாபுரத்தில் ஒருவருக்குக் காதுச் சவ்வு கிழிந்தது. அவர் எதுவுமே சொல்லவில்லை, சிரித்தார், அவ்வளவுதான். காளவாசலில் ஒருவர் மட்டும் திருப்பி அடித்துப் பார்த்தார். அவர் முகத்தைக் கொதிக்கிற பானட்டில் வைத்து நல்லகாமன் அழுத்தியதில், கன்னத்தில் கம்பெனி முத்திரை தலைகீழாகப் பதிந்துவிட்டதென்று பேச்சு.

கோபக்காரன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். நல்லகாமனிடம் அது குடியிருந்தது. டி.வி.யில் படம் ஆடினால் அதன் மண்டையில் ஒன்று. மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லையென்றால் எட்டி ஓர் உதை. மிக்சி மக்கர் செய்தால் தூக்கிச் சுவரில் ஒரு சாத்து. பாதி நேரம் அவை ஓடவும் செய்தன என்பதுதான் வினையாகப் போயிற்று. அடித்தால் எல்லாம் நடக்கும் என்பதற்கு வீடு நிறையச் சாட்சிகள் சுற்றிக்கொண்டும் அரைத்துக்கொண்டும் இருந்தன.

விளாங்குடியில் இருந்த இந்த வீட்டுக்குத்தான் வில்லாபுரத்து ரோகிணி வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

வந்த கொஞ்ச நாளிலேயே வாசல் கேட்டின் கொண்டி விழும் சத்தத்தை வைத்து, இன்றைக்கு எந்தக் கன்னம் என்று சொல்லத் தெரிந்துகொண்டாள். நல்லகாமன் வாடகைக்கு விட்டிருந்த கார்களுக்கு வரும் போன்களை அவள்தான் எடுப்பாள். "கொடைக்கானலா? ஏசியோடயா சார்?" என்று கேட்கும் குரலில் தேன் ஒழுகும். கீழுதடு வீங்கி, இடது பக்கத்தால் மட்டும் பேச முடிகிற நாட்களிலும் தேனுக்குக் குறைவில்லை. ஒருமுறை மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டபோது ஆஸ்பத்திரியில் காரணம் கேட்டார்கள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

போன தடவையும் பாத்ரூம்தான். அதற்கு முந்தைய தடவையும் பாத்ரூம்தான். விளாங்குடியிலேயே அந்த ஒரு வீட்டுப் பாத்ரூமில்தான் அத்தனை வழுக்கல். அக்கம்பக்கத்தார் எல்லோரும் அதை நம்பினார்கள். நம்பாவிட்டால் போய்க் கேட்க வேண்டுமே.

ரோகிணியின் அம்மா அன்னக்கொடி மட்டும் நம்பவில்லை. மகளின் மாவுக்கட்டைப் பார்த்த கையோடு, உடுக்கை அடித்துக் குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"கோவத்தக் கட்டலாம் தாயீ" என்றார் கோடாங்கி. "கட்டி எங்க வைக்கிறதுங்கிறதுதான் பெரிய வேல."

நல்லகாமனின் வேர்வை பட்ட பனியன் ஒன்று, சலூனில் வெட்டிப்போட்ட முடி, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு நாட்டுக்கோழி முட்டை. எல்லாவற்றையும் ஒரு மண்பானையில் போட்டு, வாயைச் சிவப்புத் துணியால் கட்டிக் கொடுத்தார். மருமகன் தினமும் மிதிக்கிற இடமாகப் பார்த்துப் புதைக்க வேண்டும் என்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிப்புட்டேன். பானை ஒடயக் கூடாது. ஒடஞ்சா உள்ள இருக்கது சும்மா போகாது. அந்நேரம் யாரு எதுக்க நிக்கிறாகளோ அவுகளுக்குள்ள பூந்துரும்."

அப்போது வீட்டில் கார் ஷெட் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. நல்லகாமன் சபரிமலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போயிருந்த சமயம், தளம் போடுவதற்கு முன்னால் தாயும் மகளும் ஷெட்டின் இடது ஓரத்தில் குழி வெட்டிப் பானையை இறக்கினார்கள். கொத்தனார் கேள்வி ஏதும் கேட்கவில்லை. மேலே ஜல்லிக் கலவையைப் போட்டு மட்டம் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மலையிலிருந்து திரும்பிய நல்லகாமன் அதற்குப் பிறகு வீட்டுக்குள் கையை ஓங்கவில்லை.

கோடாங்கி அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ரோகிணியின் மகள் சுபலட்சுமியும் அந்த வாரம் அப்பாவிடம் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று அவளும் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. இப்போது அவள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ரோகிணியைப் பொறுத்தவரை பானைதான். பானை இருக்கும்வரை அவள் உடம்பு அவளுடையது. பானை போனால் அதுவும் போய்விடும்.

ஆனால் கட்டிய கோபத்துக்குக் கசிவு இருந்தது போலும். வீட்டை விட்டுவிட்டு வெளியே பாய ஆரம்பித்தது. மதுரை மெக்கானிக்குகளின் பற்கள் அதற்குப் பிறகுதான் உதிரத் தொடங்கின. ஒவ்வொரு செய்தி வரும்போதும் ரோகிணிக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடவே, ரகசியமாக, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

கடைசியில் ஆயில் மாற்றக்கூட எந்த ஒர்க் ஷாப்பிலும் இடமில்லை என்றானது.

"எவன் கால்லயும் விழுக மாட்டேன்" என்றான் நல்லகாமன், சோற்றுத் தட்டைத் தள்ளியபடி. "லிஃப்ட் ஒண்ணு வாங்கி நம்ம ஷெட்லயே மாட்டப்போறேன். வண்டியத் தூக்கி நானே பாத்துக்குவேன்."

"நம்ம ஷெட்லயா?"

"பின்ன, ஒங்கப்பன் ஷெட்லயா?"

பழங்காநத்தத்தில் மூடிப்போன ஒரு ஒர்க் ஷாப்பிலிருந்து லிஃப்ட் வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்காக இரண்டு இரும்புத் தூண்கள். தூணுக்கு இரண்டு கைகள். நடுவில் வண்டியை நிறுத்தினால் நான்கு கைகளும் வயிற்றுக்கடியில் நீண்டு, பட்டனை அமுக்கியதும் அப்படியே தூக்கிவிடும். நான்கு கை உள்ள ஒன்று தன் வீட்டுக்குள் வருவதைப் பார்த்த ரோகிணி, இரண்டு கைக்கே பட்டது போதாதா என்று நினைத்துக்கொண்டாள்.

மாட்டித்தர வந்தவர் உபைதுல்லா. லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவர் தொழில். நல்லகாமனைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

அவர் சுத்தியலை எடுத்துத் தளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். வலது தூண் நிற்க வேண்டிய இடம் டங் என்றது. இடது தூண் நிற்க வேண்டிய இடம் தொம் என்றது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் தொம். டீத் தட்டோடு வந்துகொண்டிருந்த ரோகிணி பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் கீழ காலியா இருக்கு. தொட்டி கிட்டி இருக்கா?"

"என் வீட்டுக்குக் கீழ என்ன இருக்குனு எனக்குத் தெரியாதா பாய்? ஒண்ணும் கெடயாது. மாட்டு."

"இல்லண்ணே. தூண நிக்க வைக்கிறது இந்த போல்ட்டுகதான். அதுக தரையக் கெட்டியாப் புடிக்கணும். இந்த எடத்த ஒடச்சு, கம்பி கட்டி, கனமா கான்கிரீட்டு போட்டு, நல்லா இறுகுன பெறகு மாட்டுவோம். அவசரப்பட்டா ஒரு நா சாஞ்சிரும்."

"சாயுமா?"

"சாயும்ணே."

அறை விழுந்த சத்தத்தில் ஷெட்டுக் கூரையில் இருந்த புறா பறந்தது. உபைதுல்லா சாயவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப நீ சாஞ்சியா? இல்லல்ல? அது மாதிரி அதுவும் நிக்கும். மாட்டு!"

சொல்லிவிட்டு, வந்த போனை எடுத்துக்கொண்டு நல்லகாமன் தெருவுக்குப் போய்விட்டான். உபைதுல்லா சாமான்களைப் பையில் அள்ளிப் போட ஆரம்பித்தார். ரோகிணி பையின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிராதீக. நீங்க போனா வேற ஆள வச்சு ஒடச்சிருவாரு. அந்த எடத்த ஒடைக்கக் கூடாது."

"ஏன்க்கா? கீழ என்ன இருக்கு?"

"பானை."

"என்ன பானை?"

ரோகிணி தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அவரு கோவம். கட்டிப் பொதச்சிருக்கு."

உபைதுல்லா சிவந்த கன்னத்தைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார். "இம்புட்டும் வெளிய இருக்கு. அப்ப உள்ள இருக்கது எம்புட்டுப் பெரிய பானைக்கா?"

சிரிக்கிற நிலைமையில் இரண்டு பேரும் இல்லை. அவர் ட்ரில்லிங் மிஷினை எடுத்துத் துளை போட்டார். வலது தூணுக்கு ஒழுங்காக இறங்கியது. இடது பக்கத்தில் நான்காவது துளையில் மிஷின் சடக்கென்று உள்ளே விழுந்தது. வெளியே இழுத்தபோது முனையில் சிவப்புத் துணி நூல்நூலாகச் சுற்றியிருந்தது. ரோகிணி அதைப் பறித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, துளையை உள்ளங்கையால் பொத்தினாள். கையில் காற்றுப் பட்டதா, பட்டதுபோல் தோன்றியதா, தெரியவில்லை.

தெருவில் நல்லகாமன் யாரையோ போனில் வெட்டிப்போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் நெருங்கி வந்தது.

"சீக்கிரம் அடைங்க" என்றாள்.

உபைதுல்லாவுக்கும் இன்னொரு கன்னம் மிச்சம் இருந்தது. துளையில் சிமெண்டைக் குழைத்து ஊற்றி, போல்ட்டை இறக்கி முறுக்கினார். கோடாங்கி கட்டிய துணி போய், பானைக்கு இரும்பில் ஒரு மூடி வந்தது. போகும்போது அவளிடம் மட்டும் சொன்னார். "சின்ன கார் மட்டும் ஏத்தச் சொல்லுங்க. பெரிய வண்டி வேணாம்க்கா. என் பேச்சுத்தான் எடுபடாது, நீங்களாச்சும் சொல்லுங்க."

அந்த வீட்டில் தன் பேச்சு எடுபடும் என்று ஒரு மனிதர் நம்பியதே ரோகிணிக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் நல்லகாமன் சேவலை அறுத்து இரண்டு தூணிலும் ரத்தப் பொட்டு வைத்தான். தலை போன சேவல் ஓடிப்போய் இடது தூணைச் சுற்றி வந்து விழுந்தது. நல்ல சகுனம் என்றார்கள் வந்தவர்கள். பிரியாணிக்கு வந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

லிஃப்ட் வேலை செய்தது. வண்டி ஏறும்போது தூணுக்குள் பூட்டு டக், டக் என்று படிப்படியாக விழும். உச்சிக்குப் போனதும் வண்டி அந்தப் பூட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இறக்க வேண்டுமென்றால் நேராக இறக்க முடியாது. முதலில் கொஞ்சம் மேலே தூக்கி, பூட்டை விடுவித்து, அப்புறம்தான் கீழே. நல்லகாமனுக்கு இதில் மட்டும் பொறுமை இருந்தது ஆச்சரியம். அந்தரத்தில் நிற்கும் காருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பான். மெக்கானிக்கை அடித்துத் துரத்திவிட்டுத் தானே மெக்கானிக் ஆனவனுக்கு, அடிக்க ஆள் இல்லாத குறை மட்டும் இருந்தது.

ரோகிணி காலையில் ஷெட்டையும் கூட்டி, இடது தூணின் காலடியில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவைப்பாள். சாமிக்கு என்று அவன் நினைத்துக்கொண்டான். அது காவலுக்கு. பெரிய வண்டி ஏறி இறங்கிய மறுநாள் கோலத்தின் ஒரு கோடு முடி அளவு விலகியிருந்தது. அடுத்த வாரம் அரிசி அகலம். விரிசலுக்குள் கோலப்பொடியை நிரப்பி மெழுகிவிட்டாள். அதற்கடுத்த முறை பொடி கொள்ளவில்லை, உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

உபைதுல்லாவுக்குப் போன் போட்டாள்.

"நான் வாரேன்க்கா. ஆனா அவுக ஊர்ல இல்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்க."

"அவுக எந்நேரமும் அதுக்கு அடியிலதான இருக்காக."

"அப்ப எந்திரிக்கச் சொல்லுங்க."

சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். காரணம் சொன்னால் உடைப்பான். உடைத்தால் அது வெளியே வரும். வெளியே வரும்போது எதிரே நிற்பது யார்? அந்த வீட்டில் எப்போதும் எதிரே நிற்பவள் அவள்தான். சொல்லாவிட்டால் தூண் ஒருநாள் அவன் தலையில் விழும். விழட்டுமே என்று ஒரு காலை அவள் நினைத்தாள். உடனே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையிலும் நினைத்தாள். அன்றைக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் அடியில் போய் நின்றது அவன் மட்டும் இல்லை.

ரோகிணியின் தம்பி செல்வக்குமார் நல்லகாமனிடம்தான் இன்னோவா ஓட்டிக்கொண்டிருந்தான். ராமேஸ்வரம் போய்விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினான். வண்டியின் பின்னால் சைலன்ஸர் நாக்குத் தொங்கிய மாதிரி தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. நல்லகாமன் வண்டியை லிஃப்டில் ஏற்றி உச்சிக்குத் தூக்கினான். மச்சினனைக் கீழே வரச் சொல்லி, அந்தச் சைலன்ஸரைக் கழற்றவைத்தான். கழன்று கையில் வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தான்.

"ஏன்டா மாப்ள, ஸ்பீடு பிரேக்கர் தெரியலயா? கண்ணு இருக்க எடத்துல ஒங்கப்பன் கோலிக்குண்டப் பதிச்சு விட்டானா?"

"அப்பா பேச்சு வேணாம் மாமா."

"பேசுனா என்னடா?"

"ராத்திரி பூராம் ஓட்டிட்டு வந்துருக்கேன். வண்டியில வந்த அம்புட்டுப் பேரும் உசுரோட எறங்கிப் போயிருக்காக. ஒரு சைலன்ஸர்தான செத்துச்சு? தூக்கிப் போட்டுட்டுக் கறிச்சோறு ஆக்குங்க, வாரேன்."

நல்லகாமன் கையிலிருந்த வீல் ஸ்பானர் அவன் தோளில் இறங்கியது. எலும்பில் இரும்பு படும் சத்தம் அடுப்படி வரை கேட்டது. ரோகிணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். செல்வக்குமார் முட்டி போட்டிருந்தான். நல்லகாமன் இரண்டாவது அடிக்குக் கையை ஓங்க, மச்சினன் கையிலிருந்த சைலன்ஸர் குழாய் கீழிருந்து சுழன்று அவன் தாடையில் விழுந்தது. கரியும் ரத்தமும் சேர்ந்து தெறித்து வெள்ளைச் சட்டையில் கோலம் போட்டன.

"இது எங்கக்கா மணிக்கட்டுக்கு!" என்றான் செல்வக்குமார். அடுத்தது விலாவில் விழுந்தது. "இது பாத்ரூமுக்கு!"

"என் சோத்தத் தின்னுட்டு என்னையவாடா?"

நல்லகாமன் ஸ்பானரை வாசல் பக்கம் வீசிவிட்டுத் தலையால் முட்டினான். செல்வக்குமாரின் மூக்குத் தண்டு உடைந்தது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு, எழுந்து, ஒருவன் கழுத்தை ஒருவன் நெரித்தபடி இடது தூணில் போய் மோதினார்கள். தலைக்கு மேல் இன்னோவா ஒருமுறை ஆடி அடங்கியது. மறுபடி மோதினார்கள். கோலத்தின் நடுவிலிருந்து ஒரு போல்ட் விரல் உயரத்துக்கு வெளியே வந்தது. அது எந்த போல்ட் என்று ரோகிணிக்குத் தெரியும்.

"வெளிய வாங்க! தூண் சாயிது! தம்பி, வாடா!"

யார் காதிலும் விழவில்லை. செல்வக்குமாரின் மண்டையைப் பிடித்து நல்லகாமன் தூணில் அறைந்துகொண்டிருந்தான். ஒவ்வோர் அறைக்கும் போல்ட் கொஞ்சம் மேலே வந்தது. உள்ளே போய் இழுத்தால் மூன்றாவது ஆளாக அவளும் நசுங்க வேண்டியதுதான். கெஞ்சினால் அவன் என்றைக்கு வந்தான்? அவனை எங்கிருந்தாலும் நாலு கால் பாய்ச்சலில் வரவழைக்கக்கூடிய ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது என்னவென்று அவளுக்குத் தெரியும். வாழ்க்கை முழுக்க அது வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலையாக இருந்தது.

ரோகிணி இத்தனை வருஷத்தில் புருஷன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். வண்டி கேட்டுப் போன் பண்ணுகிறவர்களுக்கும் அவன் "அவுக"தான்.

"டேய் நல்லகாமா!"

அறைந்துகொண்டிருந்த கை நின்றது.

"ஒன்னயத்தான்டா! ஒன் கோவத்தப் பானையில அடச்சு, ஒன் காலுக்குக் கீழ பொதச்சு வச்சது நான்தான்டா! இம்புட்டு நாளா அது மேல உக்காந்துதான்டா நீ பேப்பர் படிச்ச! ஆம்பளயா இருந்தா வெளிய வாடா!"

வந்தான். மச்சினனை உதறிவிட்டு, வாயில் ரத்தம் வழிய, குனிந்தபடி பாய்ந்து வந்தான். முதல் அடி வாயில். கடைவாய்ப் பல் நாக்கின் மேல் வந்து விழுந்ததை அவள் உணர்ந்தாள். இரண்டாவது அடி வயிற்றில். கொண்டையைப் பிடித்துச் சுழற்றினான். ரோகிணி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவை விடுவிக்க, தலையில் ரத்தம் ஒழுக, செல்வக்குமார் தள்ளாடித் தள்ளாடி வெளியே வந்துகொண்டிருந்தான். இன்னும் நாலு எட்டு. மூணு. அவன் கால் வெயிலில் பட்டது.

அவள் வாயிலிருந்த பல்லைப் புருஷன் முகத்தில் துப்பினாள்.

அப்போதுதான் தூண் சாய்ந்தது. மெதுவாகத் தொடங்கி, பிறகு ஒரேயடியாக. தரை பெயர்ந்து எழும்பியது. இன்னோவா ஒருபக்கமாகச் சரிந்து, நாற்காலியை அப்பளமாக்கி, கண்ணாடிகளை வாரி இறைத்துக்கொண்டு விழுந்தது. விழுந்த தூணிலிருந்து ஒரு இரும்புக் கை விசிறி வந்து நல்லகாமனின் வலது தோளில் அடித்தது. அவன் கை அவள் கொண்டையிலிருந்து கழன்று, யாருடையதோ போலப் பக்கத்தில் தொங்கியது. அவன் குப்புற விழுந்தான்.

தூசி அடங்கியது. ரோகிணி குனிந்து எதையோ தேடினாள். வீல் ஸ்பானர் அவள் காலடியில்தான் கிடந்தது.

முதல் அடி அவன் முழங்காலில். அடுத்தது அதே முழங்காலில். பிறகு எங்கெங்கே என்று அவளும் பார்க்கவில்லை, எத்தனை என்று யாரும் எண்ணவுமில்லை. கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. அத்தனை வருஷம் பாத்ரூம் கதையை நம்பியவர்கள் இதையும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா! போதும்க்கா! செத்துருவாரு!" செல்வக்குமார் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"தள்ளிக்கடா. ஒம் மேலயும் பட்டுரும்."

கை வலித்தபோது அவளாகவே நிறுத்தினாள்.

தரை பெயர்ந்த பள்ளத்தில் பானை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே சுருங்கிக் கறுத்த ஒரு எலுமிச்சம்பழம், மக்கிப்போன பனியன், நிறைய எறும்புகள். முட்டையைக் காணோம். தரையோடு கன்னம் ஒட்டிக் கிடந்த நல்லகாமன் முதலில் பார்த்தது அந்தப் பனியனைத்தான். தன்னுடையது என்று தெரிந்துவிட்டது.

"அதுல… என்ன இருந்துச்சு?"

"ஒங்க கோவம்." பழைய மரியாதை திரும்பியிருந்தது. அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

"இப்ப எங்க?"

ரோகிணி ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஸ்பானரை முந்தானையில் துடைத்தாள்.

செய்தி கேட்டு வில்லாபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்த அன்னக்கொடி, பள்ளத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "கோடாங்கி சொன்னது பலிச்சிருச்சு. பானை ஒடயையில எதுக்க நின்னது இவதான். பூந்துருச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். உண்மையிலேயே நம்பித்தான் சொன்னாளா, வேண்டுமென்றே தெருவுக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளா என்பது அன்னக்கொடிக்கே வெளிச்சம். விளாங்குடி நம்பியது. யாரைவிடவும் அதிகமாக நல்லகாமன் நம்பினான்.

ஆஸ்பத்திரியில் காரணம் கேட்டார்கள். தோள்பட்டை நொறுங்கி, முழங்கால் சில்லு உடைந்து, தாடை கட்டப்பட்டிருந்தவன், கட்டில் பக்கத்தில் நின்ற மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

பின்னால் தலையில் தையலோடு உட்கார்ந்திருந்த மச்சினனையும், வாய் வீங்கி நின்ற மனைவியையும் மாறி மாறிப் பார்த்த டாக்டர், ஒரே நேரத்தில் எல்லோரும் எதற்குப் பாத்ரூமுக்குப் போனீர்கள் என்று கேட்க நினைத்திருக்க வேண்டும். சீட்டில் பாத்ரூம் என்றே எழுதிக்கொண்டார்.

மெக்கானிக்குகளின் முடிவில் இதற்குப் பிறகும் மாற்றம் இல்லை. உதிர்ந்த பற்கள் முளைத்தால்தானே மாறும்? எனவே லிஃப்ட் மறுபடியும் நிற்க வேண்டியிருந்தது. இந்த முறை உபைதுல்லா இரண்டடிக்குத் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, இறுகும்வரை காத்திருந்தார். பானை ஓடுகளை என்ன செய்வது என்று கேட்டார். குப்பையில் போடச் சொன்னாள் ரோகிணி.

லிஃப்டின் பட்டன் இப்போது அவள் வசம். செல்வக்குமார் பழையபடி வண்டி ஓட்டுகிறான், ஸ்பீடு பிரேக்கரில் பழையபடிதான் இடிக்கிறான். நல்லகாமனின் வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோய் வண்டிக்கு அடியில் நின்று, இடது கையால் நட்டு முறுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். மோட்டார் ஓடாவிட்டால் உதைப்பதில்லை. மிக்சியிடம்கூடத் தணிவாகத்தான் பேசுகிறான். கேட்டின் கொண்டி விழுந்தால், அது காய்கறிக்காரம்மாவாக இருந்தாலும், உள்ளே இருக்கிறவன் ஒருமுறை நிமிர்ந்து ரோகிணியின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறான்.

போன வாரம் இன்னோவாவை ஏற்றி, அதற்கடியில் போய் நின்றவன், வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தபடி கேட்டான்.

"ஏ ரோகிணி, லாக் விழுந்துருச்சா?"

அவள் டீக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

"ரோகிணி… லாக் விழுந்துருச்சானு பாரேன், தாயீ."

ரோகிணி தூணைப் பார்த்தாள். லாக் விழுந்துதான் இருந்தது.

"இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த டீயை எடுத்து, டம்ளருக்கும் வட்டாவுக்குமாக நிதானமாக ஆற்றத் தொடங்கினாள்.